உவன்

கள்ளர் பயம் வந்த பிறகுதான் அந்த ஒழுங்கைக்கு, அந்தக் குறுகிய தெருவுக்கு, ஒற்றுமை வந்தது. அதுவரைக்கும் எல்லை வேலியில் ஒரு பூவரசங் கதியால் அரை அடி தள்ளி நின்றதற்காக இரண்டு தலைமுறையாக முகம் பாராமல் இருந்த வீடுகள் அவை. எண்பத்தாறாம் ஆண்டு பங்குனிக்கும் சித்திரைக்கும் இடையில் பண்டத்தரிப்புப் பக்கம் ஏழு வீடுகள் உடைபட்டன. பொலிஸ் ஸ்ரேசன் பூட்டிக் கிடந்தது. இயக்கங்களுக்கு வேறு வேலை இருந்தது. ஆகவே பகையாளிகளெல்லாம் வாசிகசாலை வாங்கில் நெருக்கிக்கொண்டிருந்து விழிப்புக் குழு அமைத்தார்கள்.

தலைவர் தில்லைநாதர். முப்பது வருஷம் ரயில் ஸ்ரேசன்களில் இருந்து பென்சன் எடுத்தவர். ஊருக்கு அவர் 'மாஸ்ரர்'. கொடி காட்டிப் பழகிய மனிதர், சும்மா இருப்பாரா? வீட்டுக்கு ஒரு விசில் என்றார். நாயைக் கட்டக்கூடாது என்றார். அந்நிய முகத்தை விசாரியாமல் விடக்கூடாது என்றார். கடைசியாகச் சொன்னதுதான் பெண்களுக்கு இடித்தது. வீடுகளுக்கு நடுவே ஒரு பொட்டும் இருக்கக்கூடாதாம்.

பொட்டு என்பது வேலியில் ஓர் ஆள் குனிந்து போகக்கூடிய இடைவெளி. உப்பு, புளி, நெருப்புத்தணல், ஊர்க்கதை, பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்லாம் அதற்குள்ளால்தான் வந்துபோகும். வாசல் படலையால் வருகிறவர் விருந்தாளி, பொட்டால் வருகிறவர் வீட்டு ஆள்.

கனகசபாபதி வீட்டுக்கும் நல்லம்மா வீட்டுக்கும் நடுவே அப்படியொரு பொட்டு இருந்தது. கனகசபாபதி வெங்காயமும் புகையிலையும் செய்கிற கமக்காரர். வாயும் கையும் ஒன்றாக நீளுகிற மனிதர். மனைவி மகாதேவிக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரே மகள் அருந்ததிக்கு ஆவணியில் கலியாணம் என்று நாள் வைத்தாயிற்று. அவளுடைய நகைகள் அறை அலுமாரியில் இருந்தன. வங்கியில் வைக்கலாமே என்றதற்கு, வங்கியைத்தானே முதலில் உடைக்கிறாங்கள் என்றார் கனகசபாபதி. அதுவும் பொய்யில்லை.

"பொட்டை அடைச்சால் ஹெலி வரேக்கை எங்கை ஓடுறது?" என்று கேட்டாள் மகாதேவி. "பங்கர் நல்லம்மாக்கா வளவிலைதானே கிடக்கு."

"படலையாலை ஓடு."

"ஒழுங்கையாலை சுத்தி ஓடுறதுக்கிடையிலை அவன் மேலை நிண்டு சுட்டுப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிடுவான்."

"எங்கடை வளவிலை ஒண்டு வெட்டுவமெண்டால் முழக் கல்லு. அலவாங்கு இறங்காது."

"அதுதானே நானும் சொல்லுறன்."

"இஞ்சை பார். ஹெலி சுட்டால் நீயும் நானும்தான் சாவம். கள்ளன் வந்தால் பிள்ளையின்ரை கலியாணம் செத்துப்போம். வேலி அடைபடவேணும், அவ்வளவுதான்."

வேலி அடைக்கத் தம்பிராசா வந்தான். வயல் கரைக்கு அப்பால் இருக்கிறவன். ஐம்பதுக்குக் கிட்ட வயது, பேச்சுக் குறைவு. தென்னோலைக் கிடுகு வேலி அடைப்பது ஒருவர் வேலையல்ல. ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே நிற்கவேண்டும். வெளியே நிற்பவர் கயிறு கோத்த குத்தூசியைக் கிடுகுக்குள்ளால் விடுவார், உள்ளே நிற்பவர் வாங்கிக் கதியாலைச் சுற்றித் திருப்பி விடுவார். உள்ளே நிற்க வந்தவன் அன்று காய்ச்சலில் படுத்துவிட்டான். கனகசபாபதி வெங்காயத்துக்கு இறைக்கப் போய்விட்டார். முந்தானையைச் செருகிக்கொண்டு மகாதேவிதான் உள்ளே நின்றாள்.

மூன்று நாள் அப்படி வேலை நடந்தது. சோளகக் காற்று ஒழுங்கைப் புழுதியை அள்ளிக் கண்ணில் போட்டது. வேலி உயர உயர அவனுடைய முகம் மறைந்து, குரலும் விரல்களும் மட்டும் மிஞ்சின. கயிறு அரித்து நுனிகளெல்லாம் தடித்துப்போன விரல்கள். இடதுகைப் பெருவிரலில் நகம் இல்லை.

"அம்மா, ஊசி வருது. கை கவனம்."

"விடு, விடு."

"இன்னும் கொஞ்சம் மேலை வாங்குங்கோ. ஓம், அதுதான்."

பத்து மணிக்குத் தேத்தண்ணி கொடுப்பாள். முருங்கைக் கொப்பில் அவனுக்கென்று ஒரு நெளிந்த தகரப் பேணி தொங்கியது. அதை எடுத்துக் கழுவி அவனே நீட்டுவான், அவள் மேலேயிருந்து ஊற்றுவாள். ஏன் அப்படி என்று அவனும் கேட்டதில்லை, அவளும் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய நாள் அவளுக்குப் பின்னால் வந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் பொட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

"தம்பிராசா, இந்த இடத்தை மட்டும் இறுக்கிக் கட்டாதை" என்றாள் மகாதேவி.

வெளியே வந்துகொண்டிருந்த ஊசி நின்றது. "கமக்காரர் கண்டால் என்ரை தோலை உரிப்பாரே அம்மா."

"அவருக்கு ஆர் சொல்லப்போகினம்? ஹெலி வந்தால் நான் இந்த முழங்காலோடை ஒழுங்கை சுத்தி ஓடவோ?"

"அப்ப உருவாஞ்சுருக்குப் போட்டுவிடுறன். இஞ்சாலை ஒரு நுனி, அங்காலை ஒரு நுனி. இழுத்தால் இரண்டு கிடுகும் கழண்டு வரும். திருப்பிச் சொருகினால் ஒருத்தருக்கும் தெரியாது. நல்லம்மா அம்மாவுக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிஞ்சால் போதும்."

நல்லம்மாவுக்குத் தெரிந்தது. நல்லம்மா தன் மகன் பரமலிங்கத்துக்கும் காட்டிக்கொடுத்தாள். இருபத்தாறு வயதுப் பெடியன். கொழும்பில் கடையொன்றில் நின்று, எண்பத்துமூன்றில் உடுத்த சாரத்தோடு கப்பலேறி வந்தவன். ஜேர்மனிக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்சிக்காரனுக்குப் பின்னால் இரண்டு வருஷம் அலைந்தான். தில்லைநாதர் அவனுடைய தாய்மாமன். மாமன் குழு தொடங்கியதும் மருமகன் வலதுகை ஆனான். கழுத்தில் விசில், கையில் கிளுவந்தடி, இரவில் அவன் குரல்தான் ஒழுங்கைக்குத் தைரியம்.

வைகாசி கடைசியில் தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுத்தார்கள். வீடுகளில் ஆள் இருக்காத நேரம் அது. மகாதேவி பதினொரு மணிக்குத் தோட்டத்து ஆட்களுக்குக் கூழ் காய்ச்ச வீட்டுக்கு வந்தாள். ஒடியல் மாவைக் கரைத்து வைத்துவிட்டுப் பயற்றங்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது அறைக்குள் மரம் பிளக்கிற சத்தம் கேட்டது.

அவள் விசிலைத் தேடவில்லை. விசில் அறைக்குள் ஆணியில் தொங்கியது. விழிப்புக் குழுவின் விசில்கள் எல்லா வீட்டிலும் அப்படித்தான் பத்திரமாகத் தொங்கின. கையிலிருந்த கத்தியோடு ஓடினாள்.

தலையைத் துவாயால் மூடிய ஒருவன் அலுமாரியின் மற்றக் கதவில் அலவாங்கைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தான். கட்டிலில் நகைப்பெட்டி திறந்து கிடந்தது. "ஐயோ, கள்ள..." என்று அவள் வாய் திறக்க, அலவாங்கின் மொட்டைப் பக்கம் முகத்தில் விழுந்தது. கத்தி எங்கேயோ போய்விட்டது. இரண்டு பற்கள் நாக்கில் கிடந்தன. விழுந்தவள் அவனுடைய சாரத்தைப் பிடித்தாள். பயத்தில் அல்ல, கோபத்தில்தான் பிடித்தாள். மகளின் கலியாணம் அவன் மடியில் போய்க்கொண்டிருந்தது. பிடித்த பிடியில் அவன் தடக்கிக் குனிந்தான். துவாய் அவிழ்ந்தது.

"மாமி, விடுங்கோ" என்றான் பரமலிங்கம்.

கெஞ்சுகிற குரல். ஐந்து வயதில் பொட்டுக்குள்ளால் வந்து இதே வீட்டில் தின்னப் பனம்பினாட்டு கேட்ட குரல். அவள் விடவில்லை. இரண்டாவது அடி தாடையில் விழுந்தது, எலும்பு முறிகிற சத்தம் தலைக்குள்ளேயே கேட்டது. மூன்றாவது அடி பிடித்த கையில் விழுந்தது. பிறகு அவளுக்கு ஒன்றும் தெரியாது.

பெரியாஸ்பத்திரியில் மேற்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டினார்கள். வலது கைக்கு மாக்கட்டு. இரண்டு நாள் ஊசி மயக்கம். மூன்றாம் நாள் காலை கண் தெளிந்தபோது அருந்ததி பக்கத்தில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். வாசலில் வாடகைக் கார் நிற்பதாகவும், அம்மாவை அரை நாள் ஊருக்குக் கொண்டுபோகப் பெரிய டாக்குத்தரிடம் கெஞ்சி உத்தரவு வாங்கியிருப்பதாகவும் சொன்னாள்.

காரில் போகும்போதுதான் மிச்சத்தைச் சொன்னாள்.

"கள்ளனைப் பிடிச்சாச்சு அம்மா. தம்பிராசா."

மகாதேவி திரும்பிப் பார்த்தாள்.

"பொட்டு இருந்த இடத்திலை கிடுகு கழண்டு கிடந்தது. வெட்டேல்லை, அறுக்கேல்லை, கட்டு அவிட்டிருக்கு. கட்டினவனைத் தவிர ஆருக்கு அந்தக் கட்டு அவிக்கத் தெரியும் எண்டு பரமலிங்கண்ணைதான் முதல் கண்டுபிடிச்சவர். நேற்றுப் பின்னேரம் தொடக்கம் சந்தியிலை கட்டி வைச்சிருக்கினம். நகை எங்கையெண்டு சொல்லுறானில்லை. 'அம்மாவைக் கேளுங்கோ, அம்மாவுக்குத் தெரியும்' எண்டு அதையே சொல்லிக்கொண்டிருக்கிறானாம். அதுதான் மாஸ்ரர் உங்களைக் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

மகாதேவி கதைக்கப் பார்த்தாள். கம்பிக்குள்ளால் 'ம்ம்' என்று ஒரு சத்தமும் இரத்த எச்சிலும்தான் வந்தன. அருந்ததி துவாயால் துடைத்தாள். "கதைக்காதையுங்கோ அம்மா, கம்பி அறுந்திடும். அங்கை ஆளை மட்டும் காட்டினால் போதும்."

காட்டினால் போதும் என்றுதான் அவளும் நினைத்தாள். முன்னூறு பேருக்கு நடுவில் பரமலிங்கத்தை வைத்துக்கொண்டு விரலை நீட்டினால் முடிந்தது. வழியெல்லாம் அவள் நெஞ்சில் இருந்தது வலியல்ல, அவசரம்.

சந்தியில் சனம் கோயில் திருவிழாபோல் நின்றது. லைற் போஸ்ற்றோடு தம்பிராசாவைக் கட்டியிருந்தார்கள். அவனே முறுக்கி விற்ற தும்புக் கயிறு. கழுத்தில் மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தது: நான் கள்ளன். ஒரு கண் மூடிவிட்டது. சாரம் நனைந்திருந்தது. சற்றுத் தள்ளி அவன் மனைவி சின்னாச்சி மணலில் இருந்து, வருகிற போகிறவர்களின் காலையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தாள். கனகசபாபதி ஓரமாக நின்றார். அவர் கையில் திருக்கை மீன் வால் சவுக்கு சுருண்டிருந்தது. மாட்டுக்குக்கூட அதை எடுக்காதவர்.

தில்லைநாதர் கார் யன்னலுக்குக் குனிந்தார். அவருடைய தோளோடு தோளாக, காருக்கும் கம்பத்துக்கும் நடுவில், பரமலிங்கம் நின்றான். கழுத்தில் விசில். மகாதேவியின் முகத்தைப் பார்த்ததும் அவன் நிறம் மாறியது.

"பிள்ளை, கஷ்டப்படுத்திறம், குறை நினையாதை" என்றார் தில்லைநாதர். "ஒரு சொல்லுக் காணும். இயக்கப் பொடியளிட்டைக் குடுக்கமுன்னம் நியாயமாச் செய்யவேணும் எல்லே. உன்னை அடிச்சது அவனோ?"

அவர் தலை கம்பத்துப் பக்கம் அசைந்தது.

மகாதேவி இடக்கையைத் தூக்கி நீட்டினாள். கம்பிக்குள்ளால், உதட்டை மட்டும் அசைத்து, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துச் சொன்னாள்.

"உவன்."

போதாதென்று இன்னொருமுறை சொன்னாள். "உவன்தான்."

அந்த ஊரில் ஒரு பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவன் என்றால் சொல்பவருக்குப் பக்கத்தில் நிற்பவன். அவன் என்றால் தூர நிற்பவன். உவன் என்றால் கேட்கிற உனக்குப் பக்கத்தில் நிற்பவன். அவனோ என்று மாஸ்ரர் கேட்டதற்கு உவன் என்றாள், இதைவிட வடிவாகச் சொல்ல ஒருவராலும் முடியாது. ஆனால் அதே ஊரில், வெறுப்பு வந்தால், கதைபடுகிற எவனையும் 'உவன்' என்பார்கள். உவன் ஒரு ஆளே, உவனை விடக்கூடாது என்பார்கள். விரல் நீண்ட வழியில் முதலில் பரமலிங்கம் நின்றான், அவனுக்கு நேர் பின்னால் கம்பம் இருந்தது. முன்னூறு பேரும் தாங்கள் கேட்க வந்ததைக் கேட்டார்கள். அந்தச் சொல்லைச் சரியாகக் கேட்டவன் ஒருவன்தான்.

அவன்தான் முதலில் ஓடினான். "கேட்டீங்களோ! மாமி சொல்லிப்போட்டா!" என்று கத்திக்கொண்டு கிளுவந்தடியைத் தம்பிராசாவின் வாயில் இறக்கினான். வேறெங்கும் அல்ல, வாயில்.

பிறகு சனம் நெருங்கியது. அடிக்கிற சத்தம் ஈரத் துணியைக் கல்லில் அறைகிற மாதிரிக் கேட்டது. கனகசபாபதி சனத்தைப் பிளந்துகொண்டு போனார். திருக்கை வால் விழுந்த இடமெல்லாம் தோல் பட்டை பட்டையாக எழும்பியது. அவர் அழுதுகொண்டே அடித்தார். "என்ரை மனிசியின்ரை வாயை உடைச்சனீயோடா! என்ரை பிள்ளையின்ரை கலியாணத்தை அழிச்சனீயோடா!"

மகாதேவி கார்க் கதவைத் திறந்து காலை வெளியே வைத்துவிட்டாள். அருந்ததி பின்னாலிருந்து அவளை இறுக்கிக் கட்டிப் பிடித்தாள். அம்மாவும் அடிக்கப் போகிறாள் என்று அவள் நினைத்தாள். 'இல்லை இல்லை' என்று மகாதேவி கத்தினாள். அவள் காதுக்கே அது 'ம்ம் ம்ம்' என்றுதான் கேட்டது. வாயால் இரத்தம் வந்தது. சாரதி பயந்து, இந்த மனிசி காருக்குள் செத்துவிடும் என்று வண்டியைத் திருப்பினான். திரும்புகிறபோது ஒரு கணம் சனத்துக்குள்ளால் தம்பிராசாவின் முகம் தெரிந்தது. திறந்திருந்த ஒற்றைக் கண் காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா வந்துவிட்டா, அம்மா சொல்லுவா என்று அப்போதும் அவன் நம்பியிருக்கவேண்டும்.

மறுநாள் விடியமுன் அவன் செத்துப்போனான். அடியால் சாகவில்லை, அவனுக்கு ஏற்கனவே ஈரலில் வருத்தம் இருந்தது என்று விழிப்புக் குழு ஆராய்ந்து கண்டுபிடித்தது. செத்தவனுக்கு இல்லாத வருத்தமெல்லாம் அன்றைக்குத்தான் வந்தது.

எட்டாம் நாள் மகாதேவி வீட்டுக்கு வந்தாள். ஆறு கிழமைக்கு வாய் திறக்க முடியாது. விழுந்த பல் இடைவெளிக்குள்ளால் பப்பாசித் தண்டுக் குழலை விட்டுக் கஞ்சியை உறிஞ்சினாள். அன்று பின்னேரமே நல்லம்மா கொடுத்துவிட்ட சூப்போடு பரமலிங்கம் வந்தான். படலையால்தான் வந்தான். விறாந்தைக் கதிரையில் இருந்தான்.

"மாமி ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ" என்றான். அவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை, கட்டுப் போட்ட வாயைப் பார்த்தான். "இனி இந்த வீட்டுக்கு நான் காவல். மாஸ்ரர் மாமாவும் சொல்லிப்போட்டார்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அவன் அந்தப் படலையடியில் தடியோடு இருந்தான். ஊர் மெச்சியது. பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்க்காது என்றார்கள்.

அவள் இடக்கையால் எழுதப் பழகினாள். கலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில், கோழி கிண்டின மாதிரி, நாலு வரி. *உவன் எண்டது பரமலிங்கத்தை. மாஸ்ரருக்குப் பக்கத்திலை நிண்டவன். பொட்டைச் சுருக்காக் கட்டச் சொன்னது நான். தம்பிராசா ஒண்டும் அறியான்.*

குசினிக்குள் இருந்து கனகசபாபதி அதை இரண்டுமுறை வாசித்தார். புட்டுக்குழல் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் முகம் சாம்பல் பூத்தது.

"உனக்குத் தலையிலை அடிபட்டது" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். இல்லை.

"மயக்கத்திலை கண்டிருப்பாய்."

இல்லை.

அவர் அடுப்படியில் குந்தினார். வெகுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "நான் எத்தினை அடி அடிச்சன் எண்டு எனக்குத் தெரியாது மகாதேவி" என்றார் மெதுவாக. "அவன் என்னைக் 'கமக்காரர், கமக்காரர்' எண்டு கூப்பிட்டவன். நான் நிப்பாட்டேல்லை. அவன் கள்ளன் எண்டபடியால்தானே அடிச்சனான்? அவன் கள்ளனில்லையெண்டால் அப்ப நான் ஆர்? சொல்லு, நான் ஆர்?"

அவள் கை நீட்டி அவர் தோளைத் தொட்டாள். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டுத் தாளை அடுப்புக்குள் வைத்தார்.

"செத்தவன் வரப்போறேல்லை. இதை வெளியிலை விட்டால் பரமலிங்கத்தைக் கொல்லுவாங்கள், மாஸ்ரர் எங்களோடை பகை, பொட்டைத் திறந்து விட்டது நீ எண்டு ஊர் சொல்லும், பிள்ளையை ஆரும் எடாங்கள். வாயைக் கட்டினது கடவுள் எண்டு நினை."

அவள் அழுதாள். தாடை அசையாமல் அழுவது எவ்வளவு கடினம் என்று அன்று தெரிந்துகொண்டாள். அருந்ததிக்கு எழுதிக் கொடுத்தால் அவளும் கலியாணம் முடியட்டும் என்பாள், அது மகாதேவிக்கு எழுதாமலே தெரியும். எழுத்தை எரிக்கலாம். இனி வாயால் சொல்லவேண்டும் என்று பொறுத்திருந்தாள்.

தம்பிராசாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு ஒருவரும் போகவில்லை. கள்ளன் வீட்டுக்கு ஆர் போவார்கள்? சின்னாச்சிக்குக் கூலிவேலைக்கும் ஆள் கூப்பிடவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனால் மற்றப் பிள்ளைகள் புத்தகத்தை ஒளித்தார்கள். அவள் குடிசையைப் பிரித்துக்கொண்டு கிளிநொச்சிப் பக்கம் போகப்போகிறாள் என்று கதை வந்தது. முருங்கைக் கொப்பில் அந்தத் தகரப் பேணி இன்னும் தொங்கியது. மகாதேவி ஒருநாள் அதை எடுத்துவந்து, குசினிக்குள் தான் குடிக்கிற மூக்குப்பேணிக்குப் பக்கத்தில் வைத்தாள். இனி வைத்தென்ன, என்று தன்னையே வைதாள்.

ஆடி நடுவில் கம்பி கழற்றினார்கள். தாடை துருப்பிடித்த பிணைச்சல்போல் கொஞ்சம்தான் திறந்தது. ஆனாலும் சொல் வந்தது. ஊருக்குத் திரும்பிய பஸ்ஸில் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஒருவருக்கும் கேளாமல் சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் நாலு மணிக்கு வாசிகசாலையில் குழுக் கூட்டம். முப்பது ஆண்கள் இருந்தார்கள். கனகசபாபதி முன் வாங்கில் இருந்தார். பரமலிங்கம் மாமனுக்குப் பக்கத்தில் நின்றான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒழுங்கையில் ஒரு கோழிகூடக் களவு போகவில்லை என்று தில்லைநாதர் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்கள் ஏறாத படியில் மகாதேவி ஏறி வந்தாள்.

"என்ன பிள்ளை?" என்றார் தில்லைநாதர். "வாய் சுகமே?"

"சுகம் மாஸ்ரர்." குரல் கரகரத்தது. "அண்டைக்கு நீங்கள் என்னட்டை ஒண்டு கேட்டனீங்கள். அவனோ எண்டு கேட்டனீங்கள். நான் என்ன சொன்னனான்?"

"உவன் எண்டனீ."

"உங்களுக்குப் பக்கத்திலை ஆர் நிண்டது?"

தில்லைநாதர் பக்கத்தில் நின்ற மருமகனைத் திரும்பிப் பார்த்தார். கனகசபாபதி, "மகாதேவி, வீட்டை போ" என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. வாங்குகளுக்கு நடுவால் நடந்துபோய்ப் பரமலிங்கத்தின் சேர்ட்டின் நெஞ்சுப் பக்கத்தைக் கையால் கொத்தாகப் பிடித்தாள். இந்தமுறை தவறு வரக்கூடாது.

"இவன்" என்றாள்.

முப்பது தலைகளும் திரும்பின.

"என்னை அடிச்சது இவன். 'மாமி, விடுங்கோ' எண்டு சொல்லிச் சொல்லி அடிச்சவன். பொட்டைச் சுருக்காக் கட்டச் சொன்னது நான். எங்கடை இவருக்குப் பயந்து ஒளிச்சுக் கட்டுவிச்சனான், அது என்ரை பிழை. தம்பிராசா கள்ளனில்லை. அதைச் சொல்லத்தான் வந்தனான். நீங்கள் எல்லாரும் சேர்ந்து சின்னாச்சியிட்டைப் போங்கோ. உன்ரை மனிசன் கள்ளனில்லை, நாங்கள்தான் பிழை எண்டு சொல்லுங்கோ. அவள் ஊரை விட்டுப் போகமுன்னம் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம். நகையும் வேண்டாம்."

"மாமிக்கு மண்டை கலங்கிப்போச்சு" என்று பரமலிங்கம் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. அவன் கண் வாசலைத் தேடியது. அந்தப் பார்வை போதுமாக இருந்தது. பின்வரிசையில் யாரோ கதவைச் சாத்திக் கொழுக்கி போட்டார்கள். இன்னொருவன் சைக்கிள் பம்பை எடுத்தான். "எங்களை எல்லே பேக்காட்டி ஏமாத்திப்போட்டான்" என்று ஒரு குரல் எழும்பியது. "கயிறு எடடா" என்றது வேறொரு குரல்.

"அடிக்காதையுங்கோ" என்று கத்தினாள் மகாதேவி. அவள் இப்போது பரமலிங்கத்தின் சேர்ட்டை விட்டு, அவனுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். "நான் சொன்னதைக் கேளுங்கோ! சின்னாச்சியிட்டைப் போங்கோ எண்டெல்லே சொன்னனான். ஆராவது கேட்டனீங்களோ?"

ஒருவருக்கும் கேட்கவில்லை. அவள் சொன்ன அத்தனையிலும் அவர்களுக்குக் கேட்டது ஒரே ஒரு சொல்தான். வாங்குகள் பின்னுக்கு இழுபடுகிற சத்தம் கட்டடத்தை நிறைத்தது.

பரமலிங்கத்தைப் பார்த்துக் கையை ஓங்கிக்கொண்டு முதல் ஆளாக எழும்பி வந்தவர் கனகசபாபதி.